'ஷோக்கு' ஆங்கில 'ஷோ'விலிருந்து வந்ததா?

இல்லை. 'ஷோ காட்டுகிறான்' என்று நாம் சொல்வதால் அப்படித் தோன்றும். வேர் அரபிச் சொல்லான 'ஷவ்க்'. ஏக்கம், பெருவிருப்பம் என்று பொருள். பாரசீகம் வழியாக உருதுக்கும் இந்திக்கும் வந்து 'ஷௌக்' ஆனது. அங்கே அது ஆசை, பொழுதுபோக்கு. புறா வளர்ப்பதும் ஷௌக்தான், உடுக்கிற சட்டை எப்படி இருந்தாலும் சரி.

தெற்கே வந்ததும் அந்த ஆசை உடுப்பில் இறங்கிவிட்டது. தெலுங்கில் 'சோகு', கன்னடத்தில் 'ஷோக்கி': இரண்டிலும் அலங்காரம், பகட்டு. தமிழில் 'ஷோக்குப் பேர்வழி' என்றால் சட்டை மடிப்புக் கலையாத மைனர். கொஞ்சம் கேலியும் ஒட்டிக்கொண்டே வரும். சென்னைப் பேச்சில் அந்தக் கேலி போய்விட்டது. 'சோக்கா கீது' என்றால் பாராட்டுதான், பிரியாணிக்கும் சொல்லலாம்.