திருவாரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் என் தங்கையைப் பட்டப் படிப்பில் சேர்க்க எப்போது, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?

நானும் நீடாமங்கலத்துக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் படித்து, 2023-இல் பிளஸ் டூ முடித்தவள். தேர்வு முடிவு வந்த பிறகுதான் விண்ணப்பம் போட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அதனால், தினமும் வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய தூரத்தில், நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் எனக்குக் கைநழுவிப் போயிற்று.

அங்கே சேர்வதற்கு கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுக்கு வெகு முன்பே, பொதுத் தேர்வை ஒட்டிய மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே, உங்கள் தங்கை பொங்கலுக்கு முன்பே, புத்தாண்டு பிறந்ததுமே அந்த அறிவிப்பைத் தேடத் தொடங்கட்டும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால், மாநில அரசின் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது; மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதத்தில் இணையவழி விண்ணப்பம் தொடங்கும். நான் விண்ணப்பித்தபோது விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். தமிழ், ஆங்கில இலக்கியங்களுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணைக் கொண்டும், மற்றப் படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் மதிப்பெண்ணைக் கொண்டும் தரவரிசை போடுகிறார்கள். கூட்டு மதிப்பெண் குறைவு என்று மனம் தளர்ந்திருந்த எனக்கு, தமிழில் வாங்கிய மதிப்பெண்தான் திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது.

எங்களை மிகவும் அலைக்கழித்தது சான்றிதழ்கள்தான். அப்பாவின் பெயர் ஆதாரில் ஓர் எழுத்து கூடுதலாகவும் பள்ளிப் பதிவேட்டில் குறைவாகவும் இருந்ததால், வருமானச் சான்றிதழுக்கான மனு ஒருமுறை திரும்பி வந்தது. திருத்தி மறுபடி போட்டபோது ஜூன் வந்துவிட்டது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து குறுவை தொடங்கிவிட்டால், நம் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலகங்களில் சிட்டா, அடங்கல் கேட்டு விவசாயிகள் காத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அப்பாவும், விதைப்பு வேலையை விட்டுவிட்டு, மூன்று காலைகள் நின்றார். வருமானம், சாதி, முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்றால், பள்ளியில் அதற்குரிய சான்றையும் கேட்டு வாங்குங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறவும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைக் கோரவும் அது தேவைப்படும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால், கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டாருடையதாகவே இருக்கட்டும். என் தோழி ஒருத்தியின் விண்ணப்பத்தில் கடைக்காரரின் எண் இருந்தது. கலந்தாய்வுக்கு அழைத்த குறுஞ்செய்தி அவளுக்கு இரண்டு நாள் கழித்தே தெரியவந்தது.