மார்கேட் ஸ்டேஷனும் குடியாத்தம் தீப்பெட்டியும்

அன்புள்ள ஐயா,

வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே தகர ரயில் ஸ்டேஷன் பொம்மை. ஜோலார்பேட்டையில் அவர் வேலை பார்த்தபோது, ஊரைவிட்டுப் போன ஆங்கிலோ-இந்திய கார்டு ஒருவர் கொடுத்ததாம். நெற்றியில் ‘மார்கேட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அடியில் லிவர்பூல் மெக்கானோ கம்பெனி பெயர். கூடவே தபால்தலை அளவு விளம்பரங்கள் ஒட்டிய ஒரு தட்டி. பாதி கிழிந்துவிட்டது. பெயின்ட் அடித்து, விளம்பரங்களைப் புதிதாக பிரிண்ட் எடுத்து ஒட்டி, கொலுவில் வைக்கலாம் என்கிறாள் மனைவி. செய்யலாமா?

ரா., குடியாத்தம்

அன்புள்ள ரா.,

கொலுவில் தாராளமாக வையுங்கள். பெயின்ட் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள்.

துளை போட்ட தகடுகளைத் திருகிப் பொம்மை கட்டும் மெக்கானோவை உண்டாக்கிய ஃப்ராங்க் ஹார்ன்பி 1920-ல் ரயில் பொம்மைகளில் இறங்கினார். எஞ்சினை ஒரு தடவைதான் வாங்குவார்கள். ஸ்டேஷன், கைகாட்டி மரம், போர்ட்டர், பெட்டி படுக்கை என்றால் பிறந்தநாளுக்கு ஒன்றாக விற்றுக்கொண்டே இருக்கலாம். ரிப்பன், விண்டர்மியர், வெம்ப்ளி என்று ஊர்ப்பெயர் மாற்றி ஸ்டேஷன்கள் வந்தன. மார்கேட் கென்ட் கடற்கரையில் உள்ள ஊர்.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது எழுத்தைத்தான். ஹார்ன்பியின் சாதாரண சரக்கு வேன் ஒரு விலை. அதே வேனின் பக்கவாட்டில் கோல்மன்ஸ் கடுகு என்று இருந்தால் விலை எங்கோ போய்விடும். தகரம் ஒன்றுதான், விளம்பரம்தான் வேறு. உங்கள் தட்டிக்கும் இதே கணக்கு. அந்த விளம்பரங்கள் தனித் தாளாக விற்றவை, வீட்டில் பையன்களே ஒட்டுவார்கள். ஆகவே கோணலாக ஒட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள்.

பிற்காலத்தில் யாராவது நகல் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க, கடைகளில் ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கு போதும். இருட்டில் காட்டுங்கள். காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். மங்கலாக இருந்தால் மட்டும் பழசு என்று ஆகிவிடாது, அந்த ரசாயனம் சேராத காகிதம் இன்றும் உண்டு.

ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். பழைய பசைக்குக் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் வரும், எனவே மறுபடி பரணுக்கு வேண்டாம். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். (நம் வேலூர்ப் பக்கம் ரேஷன் கார்டிலிருந்து ஜாதகம் வரை எதுவும் தப்புவதில்லை.) பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் வாயில் வைக்காத உயரத்தில் இருக்கட்டும்.

புது விளம்பரம் வேண்டுமென்றால் தனியாக ஒரு அட்டையில் ஒட்டி, கொலு பார்க்கில் கேழ்வரகு முளைத்த புல்தரைப் பக்கம் நிறுத்துங்கள். இங்கிலாந்து பிஸ்கட் விளம்பரத்தைத் தேட வேண்டியதில்லை, நீங்கள் இருப்பது தீப்பெட்டி ஊர். ஓ கேஜ் என்ற இந்த அளவுப் பொம்மை ரயில்களில் 7 மி.மீ. நிஜத்தின் ஒரு அடிக்குச் சமம். 5 செ.மீ. அகலத் தீப்பெட்டி லேபிளை ஒட்டினால் ஏழடிப் பலகை ஆகிவிடும். பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்க அது சரியான அளவு.