பல்லுக்கு ஏது தோல்?

‘பை த ஸ்கின் ஆஃப் மை டீத்’ என்கிறார்களே, பல்லில் தோலே இல்லையே, இதற்கு என்ன பொருள், எங்கே பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மயிரிழையில் தப்புவது, அவ்வளவுதான். பல்லில் தோல் இல்லை என்பதுதான் இதில் விஷயமே. இல்லாத ஒன்றின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் பிழைத்தேன் என்று இன்றைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இது பிறந்த இடம் அழுகை. பைபிளில் யோபு புத்தகம், 19-ஆம் அதிகாரம், 20-ஆம் வசனம். 7000 ஆடு, 3000 ஒட்டகம், பெற்ற பிள்ளைகள் 10 பேர் எல்லாம் போய், உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கும் யோபு என்கிற மனிதர், எலும்பும் தோலுமாகிவிட்டேன் என்று புலம்புகிற இடம் அது. எபிரெய மூலத்தில் இருந்த அந்தத் தொடரை 1560-இல் வந்த ஜெனீவா பைபிளும் 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் ‘பல்லின் தோலோடு தப்பினேன்’ என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கின. மூலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஈறு என்பார்கள் சிலர். ‘தோலோடு’ என்பது பிற்பாடு பேச்சில் ‘தோலால்’ என்று ஆகிவிட்டது.

நம் பழைய தமிழ் வேதாகமம் வேறு வழியில் போனது: பல்லை மூடுகிற அளவுக்குக் கொஞ்சம் தோல் மட்டும் தப்பியது. எங்கள் பாட்டி ராத்திரி ஜெபத்தில் இதை வாசிக்கும்போது பொக்கை வாயைத் தொட்டுக் காட்டி, “எனக்கு மூடுறதுக்குப் பல்லுகூட மிச்சமில்லை” என்பார். எனக்கென்னவோ இந்தத் தமிழ் வரிதான் ஆங்கிலத்தைவிட நன்றாகப் புரிகிறது.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். உயிர் தப்பினால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. 35 எடுத்தால் பாஸ் என்கிற பரீட்சையில் சரியாக 35 வாங்கியவர் சொல்லலாம். நகரத் தொடங்கிய ரயிலில் கடைசிப் பெட்டியைப் பிடித்தவர் சொல்லலாம். ஒரே ஓட்டில் ஜெயித்த வேட்பாளரும் சொல்லலாம். ‘மை’ இருக்கும் இடத்தில் ஆளுக்கேற்ப ‘ஹிஸ்’, ‘ஹர்’, ‘தேர்’ போட்டுக்கொள்ளுங்கள். ‘டீத்’ மட்டும் எப்போதும் பன்மைதான்.

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. தலைப்பாகை போனால் ஏதோ நஷ்டம் ஆகியிருக்கிறது, பெரிய நஷ்டத்துக்குப் பதில் சின்ன நஷ்டம். பல் விவகாரத்தில் நஷ்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இடைவெளி குறைவு, அவ்வளவே. வண்டி மோதி பம்பர் மட்டும் நசுங்கினால் தலைப்பாகை. உரசாமல் போனால் பல்.

அப்புறம் ஒன்று, நான் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அறிக்கையைப் பத்து நிமிடம் தாமதமாக அனுப்பிவிட்டு, நூலிழையில் தவறவிட்டோம் என்று சொல்வதாக நினைத்து, ‘வீ மிஸ்ட் த டெட்லைன் பை த ஸ்கின் ஆஃப் அவர் டீத்’ என்று மேலாளருக்கு மெயில் போட்டேன். தப்பியதற்கும் ஜெயித்ததற்கும்தான் இந்தத் தொடர் வரும், தவறவிட்டதற்கு வராது என்று யார் கண்டது? இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “முடித்துவிட்டீர்களா, இல்லையா?”