டிரவுட்டுக்கு எந்த நிற லூர்? கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் தூண்டில் போடுகிறவர்கள் லூர், அதாவது செயற்கை இரை, அதன் நிறம் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குப் பழக்கம் குளிர்ந்த தண்ணீரில் வாழும் டிரவுட் மீன்தான். நீலகிரியின் எமரால்டு, அவலாஞ்சி அணைகள் பக்கம் பல வருஷம் நின்று கற்றுக்கொண்டது. மற்ற மீன்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவுதான் சொல்ல முடியும்.

எல்லாருக்கும் முதலில் ஒன்று. மீன்வளத் துறையிடம் அனுமதி இல்லாமல் எந்தத் தண்ணீரிலும் இறங்காதீர்கள். காட்டுக்குள் போகும் பாதை என்றால் வனத் துறையிடமும் கேட்க வேண்டும்.

குன்னூர் தம்பி: அண்ணா, முதல் தடவையா ஸ்பின்னர் வாங்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எந்தக் கலர்?

செம்பு நிறம். ஸ்பின்னர் என்றால் இழுக்கும்போது தகடு சுழலும் லூர்; சின்ன அளவு, மூன்று நான்கு கிராம் போதும். தெளிந்த தண்ணீரிலும் மிரட்டாது, கொஞ்சம் பழுப்பேறிய தண்ணீரிலும் தெரியும். கையில் காசு இருந்தால் இரண்டாவதாக ஒரு கறுப்பு வாங்குங்கள்.

ஊட்டி வாசகி: டிசம்பரில் எமரால்டில் வெள்ளி ஸ்பூனுக்கு மூன்று மீன் வந்தது. ஜூலையில் அதே இடம், அதே ஸ்பூன். ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் இடம் மாறிவிட்டதா?

நல்ல கேள்வி அம்மா. மீன் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். ஆனால் மாறியது முக்கியமாகத் தண்ணீர்தான்.

ஸ்பூன் என்பது கரண்டி வடிவ உலோக லூர். வெள்ளி ஸ்பூனுக்கென்று சொந்த நிறம் கிடையாது. அது கண்ணாடி மாதிரி. சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதைத்தான் திருப்பிக் காட்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து வானம் துடைத்த மாதிரி இருக்கும்போது தண்ணீரும் தெளிந்திருக்கும். வெயில் பட்டு ஸ்பூன் மின்னும்போது, சின்ன மீன் ஒன்று விலா திருப்பினது போல இருக்கும். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை குந்தாப் பக்கம் கொட்டுகிறது. காரட், உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணெல்லாம் ஓடையில் கரைந்து வரும். அந்தக் கலங்கலுக்குள் வெள்ளி ஸ்பூன் எதைத் திருப்பிக் காட்டும்? கலங்கலைத்தான். நீங்கள் போட்டது மீனுக்குத் தெரியவே இல்லை.

நம் மலையில் தண்ணீர் இரண்டு விதமாக நிறம் மாறும், இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஒன்று மண் கலங்கல், நான் மேலே சொன்னது. இன்னொன்று சாயத் தண்ணீர். சோலைக்குள்ளிருந்தும், புல்வெளிச் சதுப்பிலிருந்தும், சீகை மரக்காட்டிலிருந்தும் வரும் ஓடை, மண் ஒரு துளி இல்லாமலே லேசான டிக்காஷன் நிறத்தில் இருக்கும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். மங்கலாக இருந்தால் மண். மங்காமல் மஞ்சளாக இருந்தால் சாயம்.

சாயத் தண்ணீர் நீல வெளிச்சத்தை முதலில் குடித்துவிடும். அதில் நீல லூர் கறுத்துப் போகும், வெள்ளை மஞ்சளாகத் தெரியும். செம்பு, தங்கம், ஆரஞ்சு நிற்கும். மண் கலங்கலில் எல்லா நிறமும் மங்கும், அங்கே நிறத்தைவிட, சுற்றியிருப்பதிலிருந்து தனித்துத் தெரியும் மாறுபாடுதான் வேலை செய்யும். ஒன்று கறுப்பு, இல்லையென்றால் கண்ணைக் கூசும் ஃப்ளூரசென்ட் எலுமிச்சைப் பச்சை. அதோடு தகடு கொஞ்சம் அகலமான ஸ்பின்னராக இருக்கட்டும். டிரவுட்டின் விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடு தண்ணீரின் அதிர்வை உணரும். கண்ணுக்குத் தெரியாததை அது உடம்பால் அறியும்.

கலங்கல் ஓடை அணைத் தண்ணீரில் சேரும் இடத்தில் ஒரு கோடு கிழித்த மாதிரி தெரியும், இந்தப் பக்கம் செம்மண் நிறம், அந்தப் பக்கம் பச்சை. ஜூலையில் நான் அந்தக் கோட்டை விட்டு நகர மாட்டேன். கலங்கலுக்குள் லூரை எறிந்து தெளிவுக்குள் இழுத்து வாருங்கள். வெளியே வரும் அந்த நொடியில்தான் அடிக்கும்.

மேட்டுப்பாளையம் நண்பர்: பவானி, மோயாறு பக்கம் மகசீருக்கு என்ன நிறம்?

மோயாறு புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிற ஆறு. அங்கே தூண்டிலை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன். இதற்கு என்னிடம் நிறம் கேட்காதீர்கள்.

கோத்தகிரிக்காரர், இப்போது டெக்சாஸில்: மாமா, இங்கே எல்லாரும் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கிறாங்க. கடையில் இருநூறு நிறம் தொங்குது. நம்ம ஊர் கணக்கு இங்கே ஒத்துவருமா? அப்புறம், இந்த மீனை எமரால்டில் கொண்டுவந்து விட்டால் எப்படி இருக்கும்?

கணக்கு பாதி ஒத்துவரும் மாப்பிள்ளை. தண்ணீரும் வெளிச்சமும் எந்த ஊரிலும் ஒன்றுதான். கண் மட்டும் வேறு. டிரவுட்டுக்கு நிறம் பிரித்தறியும் செல்கள் நம்மைவிட வகையில் அதிகம். குஞ்சாக இருக்கும்போது புற ஊதாவும் தெரியும். பாஸின் கண்ணில் அந்தச் செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாஸ் மீன்களைப் பழக்கி, குறிப்பிட்ட நிறத்துக்கு வந்தால் தீனி என்று சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தன. எலுமிச்சைப் பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன. நீலத்தையும் கறுப்பையும் அதே மாதிரி. ஆகவே உங்கள் ஊரில் கலங்கல் தண்ணீருக்கு விற்கும் கறுப்பு நீல ஜிக் (முள்ளின் தலையில் ஈயம் வைத்த லூர்), பாஸுக்கு அநேகமாக ஒரே கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். நல்லதுதான், கலங்கலில் அதுதான் வேண்டும். தெளிந்த ஏரியில் பாசிப் பச்சை, தர்பூசணித் தோல் பச்சை மாதிரி அடங்கிய நிறம். பாறையும் கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையும் உள்ள இடத்தில், வசந்த காலத்தில் செங்காவி. இந்த நான்கு போதும், இருநூறு வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம், நினைக்கவே வேண்டாம். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் பாஸை விட்டார்கள். அது ஏரி ஏரியாகப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-இல் அந்நிய உயிரினச் சட்டம் கொண்டுவந்து கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. நம் டிரவுட்டும் வந்த மீன்தான், அதை மறைக்கவில்லை. 1860-களில் கொண்டுவரப் பார்த்தபோது சரிப்படவில்லை. 1907 வாக்கில் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் முயற்சியில்தான் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் வந்து நிலைத்தது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், அதனால் மேலேயே நின்றுவிட்டது. பாஸ் வெதுவெதுப்பிலும் வாழும். அணையிலிருந்து இறங்கினால் பவானி வரை போகும்.

எமரால்டு பெரியவர்: நீங்கள் முன்பு ஒருமுறை, சிவப்பு லூர் ஆழத்தில் கறுத்துவிடும் என்று சொன்னீர்கள். நான் நாற்பது வருஷமாகச் சிவப்பு நூல் கட்டிய ஸ்பின்னர்தான் போடுகிறேன். மீன் வருகிறது. ரத்த நிறம் என்று மீனுக்குத் தெரியும். புத்தகத்தை நம்புவதா, கையை நம்புவதா?

ஐயா, உங்கள் கையை நான் மறுக்கவில்லை. நான் சொன்னது புத்தகத்தில் படித்ததும் அல்ல. ஈயக் குண்டு ஒன்றில் சிவப்புக் கம்பளி நூலும் பச்சைக் கம்பளி நூலும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினேன். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஜனவரி மாதம், உச்சி வெயில், பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் உட்கார்ந்து மெதுவாக விட்டேன். இரண்டாவது முடிச்சு வரை சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நான்காவதில் செங்கல் நிறம். ஐந்தாவதில் பழைய ரத்தக் கறை மாதிரி ஒரு பழுப்பு. அதற்குக் கீழே நூல் இருக்கிறது என்பது தெரிந்தது, நிறம் தெரியவில்லை. பக்கத்தில் பச்சை பச்சையாகவே இருந்தது. தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை முதலில் விழுங்குகிறது, அதுதான் காரணம்.

அதே பெரியவர், மறுபடி: அப்படியென்றால் எனக்கு மீன் எப்படி வந்தது? இரண்டரை மீட்டரிலேயே போய்விடும் நிறத்துக்கா?

இது நியாயமான அடி. இதற்கு நான் மூன்று நாள் யோசித்தேன்.

முதலாவது, நான் மேலிருந்து பார்த்தேன். வெளிச்சம் நூல் வரை இறங்கி, திரும்ப என் கண்ணுக்கு ஏறி வந்தது. இரண்டரை மீட்டர் ஆழம் என்றால் அது நடந்தது ஐந்து மீட்டர். மீன் லூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு வெளிச்சம் இறங்கும் தூரமும், பக்கத்து இரண்டடியும்தான். ஆகவே நான் பார்த்ததைவிட ஆழத்தில்கூட மீனுக்குச் சிவப்பு தெரியும். என் கணக்கை இங்கே திருத்திக்கொள்கிறேன். இரண்டாவது, ஸ்பின்னரை நீங்கள் எத்தனை ஆழத்தில் இழுக்கிறீர்கள்? கரையோரமாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். அங்கே சிவப்பு சாகவே இல்லை. மூன்றாவது, நீங்கள் அதிகம் நிற்பது ஓடை வாயில். அங்கே சாயத் தண்ணீர். அதில் நீலம்தான் முதலில் போகும், சிவப்பு நிற்கும்.

ரத்தம் என்று மீன் நினைக்கிறது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை ஐயா. நடு அணையில் நாலைந்து மீட்டர் இறக்கிப் போடுகிறவர் உங்களைப் பார்த்துச் சிவப்பு வாங்கினால், அவர் போடுவது கறுப்பு லூர். கறுப்புக்கும் மீன் வரும். அவர் நிறத்தைப் புகழ்வார்.

கூடலூர் வாசகர்: அந்தப் பெரியவர் சொல்வதுதான் சரி. விஞ்ஞானம் எல்லாம் கரைக்கு இந்தப் பக்கம்.

கயிறும் கம்பளி நூலும் பத்து ரூபாய். நீங்களும் இறக்கிப் பாருங்கள்.

லவ்டேல் மாணவன்: எந்தக் கலர் பெஸ்ட் சார்?

தண்ணீர் எப்படி இருந்தது, எத்தனை மணி, வெயிலா மூடுபனியா என்று எழுதுங்கள் தம்பி, சொல்கிறேன்.

குந்தா நண்பர்: மூடுபனி இறங்கின சாயங்காலம் என்ன போடுவது? ஃப்ளூரசென்ட் என்கிறார்களே, சாதாரண ஆரஞ்சுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ஆரஞ்சு, தன் மேல் விழும் ஆரஞ்சு வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். ஃப்ளூரசென்ட், நீலத்தையும் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் வாங்கி ஆரஞ்சாக மாற்றி உமிழும். மூடுபனியிலும் மேகத்திலும் அந்த வெளிச்சம் மிச்சம் இருக்கும், அதனால்தான் மற்ற நிறம் மங்கும்போது அது எரிகிற மாதிரி நிற்கிறது. பகல் மூடுபனிக்கு அது நல்லது.

பொழுது சாய்ந்துவிட்டால் கறுப்பு. வெளிச்சம் குறைந்ததும் மீனின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்துவிடும், இருளையும் ஒளியையும் பார்க்கும் செல்கள்தான் வேலை செய்யும். மீன் கீழிருந்து மேலே பார்க்கிறது. கடைசி வெளிச்சம் வானத்தில் இருக்கிறது. அந்த வானத்துக்கு எதிரே கறுப்பு மாதிரி வேறு எதுவும் எடுப்பாகத் தெரியாது. ஆனால் இருட்டும் முன் கரையேறிவிடுங்கள். யானையும் காட்டெருமையும் தண்ணீருக்கு வரும் நேரம் அது.

கொடைக்கானல் அண்ணன்: எங்க ஏரியில் ஸ்பின்னர் போட்டு ஒரு மாசமா ஒண்ணும் வரல. நிறம் மாத்தணுமா?

தூண்டிலை மாற்ற வேண்டும் அண்ணா. உங்கள் ஏரியில் அதிகம் இருப்பது கெண்டை வகை. அது தரையைக் கிளறித் தின்னும் மீன், ஓடும் தகட்டைத் துரத்தாது. மைதா உருண்டை, மண்புழு, தக்கை. உள்ளூர்ப் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து போடுவதைப் பாருங்கள், என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பழனி வாசகர்: மலையடிவாரக் குளத்தில் விராலுக்குத் தவளை லூர், எந்த நிறம்?

தாமரையும் பாசியும் மூடின குளத்தில் விரால் பார்ப்பது தவளையின் வயிற்றை, முதுகை அல்ல. கறுப்பு வயிறு அல்லது வெள்ளை வயிறு. முதுகின் புள்ளிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். குஞ்சுகளோடு சுற்றும் விராலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஊட்டி, இன்னொருவர்: டிரவுட்டுக்குச் சிறந்த நிறம் எது?

மேலே ஊட்டி வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள்.

அருவங்காடு தம்பி: லூர் பெயிண்ட் உரிந்துவிட்டது. நெயில் பாலிஷ் அடிக்கலாமா?

தாராளமாக. நானும் அடிக்கிறேன். ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்பூன், இரண்டாம் நாளே பாறையில் பட்டுத் தோல் உரிந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டி, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை, நடுவில் ஒரு நாள் காயவிட்டு அடியுங்கள். தகட்டின் குழிந்த பக்கம் மட்டும் அடித்தால், சுழலும்போது நிறமும் மின்னலும் மாறி மாறி வரும். முள் புதிதாக மாற்றினால் மூன்று கொக்கியை எடுத்துவிட்டு, பின்னோக்கிய எதிர்முள் இல்லாத ஒற்றை முள் போடுங்கள். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் விடாதீர்கள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். போன குளிர்காலத்தில் ஒரு நீர்க்காகத்தின் காலில் நரம்பு மூன்று சுற்றுச் சுற்றி, தோலுக்குள் இறங்கியிருந்தது. வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

எமரால்டு பெரியவர், மூன்றாவது கடிதம்: நூல் இறக்கிப் பார்த்தேன். ஓடை வாயில் ஆறாவது முடிச்சு வரை சிவப்பு தெரிந்தது. அணைக்கட்டுப் பக்கம் நாலாவதிலேயே போய்விட்டது. என் பேரன் சாட்சி.

மிக்க நன்றி ஐயா. ஒரே ஒரு விவரம் வேண்டும்: முடிச்சுக்கு முடிச்சு எத்தனை அடி விட்டீர்கள்? பச்சை நூலையும் கட்டியிருந்தால், அது இரண்டு இடத்திலும் எந்த முடிச்சில் மங்கியது என்றும் எழுதுங்கள்.