வாசகர் கேள்வி பதில்: ரிமோட் கண்ட்ரோல் டிரக்கில் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: மகனுக்கு வாங்கிக் கொடுத்த 1/10 அளவு, பின்சக்கர இயக்கம் கொண்ட டிரக் மூன்று மாதம் நன்றாக ஓடியது. சென்ற வாரம் புளோக்கின் கீழே வடிகால் விளிம்பில் மோதியதிலிருந்து, இடப்பக்கம் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கிறது. சக்கரம் பாதி திரும்பி நின்றுவிடுகிறது. முன்பக்கம் முழுவதையும் அலுமினியத்துக்கு மாற்றி, 3எஸ் (மூன்று செல்) பேட்டரியும் போட்டுவிடும்படி ஒரு நண்பர் சொல்கிறார். 300 வெள்ளிக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. செய்யலாமா? – வாசகர், ஈசூன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் சத்தத்தை வைத்துப் பார்த்தால், கெட்டிருப்பது பெரும்பாலும், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியான செர்வோவுக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம்தான். செர்வோவைக் கழற்றி, அடியில் உள்ள நான்கு நீளத் திருகுகளையும் எடுத்துவிட்டு, மேல்மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கிரீஸ் பூசிய சக்கரங்களில் ஒன்றில் இரண்டு மூன்று பற்கள் அடுத்தடுத்து மழுங்கியிருக்கும். உடைந்த துணுக்குகள் கிரீஸில் அரிசிக் குறுணைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். தொடக்கநிலை டிரக்குகளில் அடிக்கடி பழுதாகும் இடம் இதுதான்.

ஆகவே உலோகப் பல்சக்கரம் கொண்ட செர்வோ ஒன்றை முதலில் வாங்குங்கள். வாங்குமுன் அதன் வெளித்தண்டில் எத்தனை வரிப்பற்கள் என்று பார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் 23, 24, 25 என்று மாறுவதால், பொருந்தாத செர்வோ கையை (அந்தத் தண்டில் மாட்டும் நெம்பு) அழுத்திச் செருகிப் புதிய செர்வோவை முதல் நாளே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. செர்வோ சேவரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மோதலின் அதிர்ச்சி செர்வோவுக்குப் போகாமல் தடுப்பதே அதன் வேலை. அது சோர்ந்துவிட்டால் உலோகப் பற்களும் நெடுநாள் தாங்கா. வலுவான செர்வோ கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பதால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதற்கு ஈடுகொடுக்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈடுகொடுக்காவிட்டால் திருப்பும்போது, ரிமோட்டின் சிக்னலைப் பெறும் ரிசீவர் ஒரு கணம் அணைந்து, வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்.

அலுமினியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலரும் இதில்தான் பணத்தை விடுகிறார்கள். ஒரு பாகத்தை உறுதியாக்கினால் மோதலின் விசை மறைந்துவிடாது; அடுத்த பாகத்துக்குப் போகும். என் முதல் டிரக்கில் பளபளப்பான நீல நிற அலுமினிய சஸ்பென்ஷன் கைகளை (சக்கரத்தை வண்டியோடு இணைப்பவை) பொருத்தினேன். இரண்டாவது வாரமே ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியபோது கைக்குக் கீறல்கூட விழவில்லை. ஆனால் கீல் ஊசி வளைந்து, அதைத் தாங்கும் பல்க்ஹெட் விரிந்துவிட்டது. சில வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காக முன்பக்கத்தையே பிரித்துப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சஸ்பென்ஷன் கைகளுக்கும் ஹப்புகளுக்கும் (சக்கர அச்சைத் தாங்கும் பாகங்கள்) நைலான்தான் ஏற்றது: வளையும், மீளும், மிஞ்சினால் தான் உடைந்து மற்றவற்றைக் காக்கும். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மேலும் நெகிழும் தன்மை கொண்டது. வறண்ட குளிர்நாடுகளில் சிலர் இதற்காகவே பாகங்களை வெந்நீரில் கொதிக்க வைக்கிறார்கள். சிங்கப்பூரின் புழுக்கத்தில் நமக்கு அந்த வேலை இல்லை. அலுமினியம் உண்மையிலேயே பயன்படும் இடம் ஷாக்கின் (எண்ணெய் நிரப்பிய அதிர்வுத்தாங்கி) மேல்மூடி. பிளாஸ்டிக் மூடியின் மரை, உயரத்திலிருந்து விழும்போது கழன்று எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். உலோக மரை பிடித்து நிற்கும்.

3எஸ் பேட்டரியின் மின்னழுத்தம் 11.1 வோல்ட், 2எஸ் 7.4 வோல்ட். மோட்டார் ஒன்றரை மடங்கு வேகத்தில் சுழலப் பார்க்கும். வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 3எஸ் ஏற்காது என்றால் அது எரிந்துபோகலாம்; ஏற்றாலும், மோட்டாரின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டும் ஸ்பர் கியரும் அடுத்து பழுதாகும். மகன் இன்னும் விளிம்புகளில் மோதிக்கொண்டிருக்கும் காலத்தில் 2எஸ் போதும்.

கேள்வி: பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்ததால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அலையோரம் ஓட்டினோம். பத்து நாளில் பின்சக்கரம் கீச்சிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், பிடோக்

பதில்: ஏமாற்று இல்லை. அந்தச் சொல் பெரும்பாலும் செர்வோ, ரிசீவர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை மட்டுமே குறிக்கும். பேரிங்குக்கும் திருகுகளுக்கும் அந்த உறுதி கிடையாது. உப்புநீர் பேரிங்குக்குள் புகுந்தால் எஃகுக் குண்டுகள் விரைவில் துருப்பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் சுழற்றுங்கள். நறநறவென்று உணர்ந்தால் அந்தப் பேரிங் போய்விட்டது. இந்த அளவு டிரக்குகளில் பரவலாகக் காணப்படுவது 5க்கு 11 மில்லிமீட்டர் அளவு, ஆனாலும் பழையதை அளந்து வாங்குங்கள். இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். மணலைத் தடுப்பதில் அது தகர மூடியைவிட மேல். இனிக் கடலோரம் போனால், வீடு திரும்பிய அன்றே ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்த்தி, ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். உப்புநீரில் இறக்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சற்று உப்பியிருக்கிறது. இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? – வாசகர், செங்காங்

பதில்: கூடவே கூடாது. உப்பியதை இனி சார்ஜ் செய்யவே வேண்டாம். அடுத்து வாங்கும் பேட்டரியை விழித்திருக்கும் நேரத்தில், தரையோட்டின் மேல், படுக்கையும் திரைச்சீலையும் இல்லாத இடத்தில், பக்கத்தில் இருந்துகொண்டு சார்ஜ் செய்யுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை லிப்போ நிலையில் (மோடில்) வைத்தால்தான் மின்னழுத்தம் மிகவும் இறங்குமுன் வண்டி தானே நிற்கும். உங்களுடையது வேறு நிலையில் ஓடி உப்பியிருக்கக்கூடும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால், சார்ஜரின் 'ஸ்டோரேஜ்' பொத்தானை அழுத்தி, ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வையுங்கள்.