டாட் மெஷினும் டாட் கேசட்டும்: கேட்டவங்களுக்கு என் பதில்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துல டெக் ரிப்பேர் பண்றவன் நான். வீடியோ கேசட் ஓட்டுற விசிஆர்ல கை பழகி டாட்டுக்கு வந்தேன். டாட்னா டிஜிட்டல் ஆடியோ டேப். 1987ல சோனி இறக்கினது, உள்ளங்கைக்குள்ள அடங்குற கேசட். 2005 டிசம்பரோட சோனி மெஷின் போடுறதையும் நிறுத்திடுச்சு. நம்ம ஏரியாவுல இன்னும் பீரோவுக்குள்ள கேசட் கிடக்குற வீடு நிறைய இருக்கு. வந்த கேள்விங்களுக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.

வியாசர்பாடியிலிருந்து: அண்ணா, எங்க நைனா கானா பாடுவாரு. 1996ல யாரோ டாட்ல ரெக்கார்டு பண்ணிக் குடுத்த கேசட் ஒண்ணு கிடைச்சது. அவரு இப்ப இல்ல. செகண்ட்ஹேண்டுல ஒரு போர்ட்டபிள் வாங்கிட்டேன். போட்டுக் கேக்கலாமா?

போடாத தம்பி. கை பரபரக்கும், எனக்குத் தெரியும். ஆனா அந்த மெஷினுக்குள்ள முதல்ல போகக்கூடாத கேசட் அதுதான்.

1999ல ஒரு அம்மா என்கிட்ட ஒரு கேசட் கொண்டு வந்தாங்க. அவங்க அம்மா பாடின ஒப்பாரி. வேற காப்பி கிடையாது. அன்னிக்குக் காலையில கடைக்கு வந்த டெக்கு ஒண்ணு டேபிள் மேல இருந்துச்சு, சோதிக்காம அதுல போட்டுட்டேன். ரோலர் டேப்பை இழுத்து உள்ள சுருட்டிக்கிச்சு. ஒரு சாண் டேப் நாசம். சாதா கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், ஒரு சாண் போனா அஞ்சு நொடிக்குள்ளதான் பாட்டு போகும். டாட் ஓடுறது நொடிக்கு 8.15 மில்லிமீட்டர்தான். அதே ஒரு சாண் அரை நிமிஷத்துக்கிட்ட. அந்த அம்மா என்னைத் திட்டல, அழுதுட்டே போனாங்க. அன்னையிலருந்து சோதிக்காத மெஷின்ல ஒரே காப்பி கேசட்டை நான் போட்டதில்ல.

நீ ஒரு வேண்டாத கேசட் தேடு. அதுல ரெக்கார்டு பண்ணு, ஓட்டு, முன்ன ஓட்டு, பின்ன ஓட்டு, வெளிய எடு. பத்து வாட்டி பண்ணு. ஒவ்வொரு வாட்டியும் கேசட்டோட முன்மூடியைத் தூக்கி டேப் ஓரத்தை வெளிச்சத்துல பாரு. ஓரம் மடங்கியிருந்தாலோ, கோடு விழுந்திருந்தாலோ மெஷினை ரிப்பேருக்குக் குடு. பத்தும் சுத்தமா வந்தா அப்புறம் நைனா கேசட்.

பழைய வண்ணாரப்பேட்டை, விசிஆர் மெக்கானிக்: தலைவா, விசிஆர் ஹெட் மாதிரியேதானே கிளீன் பண்ணணும்?

முறை அதேதான், பொறுமை ரெண்டு மடங்கு வேணும். ஹெட்டுங்கிறது டேப்பைப் படிக்கிற சின்ன முனை, ட்ரம்ங்கிறது அதைச் சுமந்து சுத்துற உருளை. நம்ம ஊரு விஎச்எஸ் வீடியோ மெஷினோட ட்ரம் குறுக்களவு 62 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 1500 சுத்து. டாட் ட்ரம் 30 மில்லிமீட்டர், 2000 சுத்து. அது எழுதுற தடத்தோட அகலம் 13.59 மைக்ரான், தலைமுடியைவிட ரொம்ப மெலிசு. அதனால விசிஆர்ல கோடு விழுற அளவு அழுக்கு இருந்தா இதுல பாட்டே வராது.

காது பட்ஸ் வேண்டாம், பஞ்சு இழை ஹெட்டுல மாட்டி ஹெட் உடையும். நூல் பிரியாத சமாய் தோலை (பதப்படுத்தின மெத்துன்னு இருக்கிற தோல்) ஐசோபிரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு ட்ரம் மேல லேசா ஒட்டினாப்ல பிடி. தோலை அசைக்காம மேல இருந்து ட்ரம்மை விரலால சுத்து. மேலயும் கீழயும் தேச்சா ஹெட் போச்சு. புது ஹெட் கிடைக்காது, இன்னொரு மெஷினைக் கழட்டித்தான் எடுக்கணும். டேப்பை அழுத்தி இழுக்கிற பிஞ்ச் ரோலர் ரப்பர், அதுக்கு ஆல்கஹால் போடாத, சோப்புத் தண்ணி போதும். அது கண்ணாடி மாதிரி பளபளன்னு இறுகியிருந்தா கழுவிப் பிரயோஜனமில்ல, மாத்து. கடையில விக்கிற உலர் கிளீனிங் கேசட் ஹெட்டைத் தேய்ச்சுத்தான் அழுக்கை எடுக்கும். அவசரத்துக்கு சில நொடி ஓட்டு, பழக்கமாக்கிக்காத.

காசிமேட்டிலிருந்து: ராத்திரி பூரா ஏசி ரூம்ல இருந்த மெஷினை ஹாலுக்கு எடுத்துட்டு வந்து போட்டா ஓட மாட்டேங்குது. ஏதோ எச்சரிக்கை மட்டும் காட்டுது.

மெஷின் நல்லாத்தான் இருக்கு. குளிர்ந்த ட்ரம் மேல கடக்காத்து ஈரம் பட்டா பனி மாதிரி தண்ணி கோத்துக்கும். ஈரமான ட்ரம்ல டேப் ஒட்டிக்கிச்சுன்னா அறுந்துடும். அதுக்காக உள்ள ஒரு சென்சார் இருக்கு, அதுதான் தடுக்குது. கேசட்டை எடுத்துட்டு மூடியைத் திறந்து ரெண்டு மணி நேரம் விடுங்க. ஹேர் டிரையர் காட்டாதீங்க.

பெரம்பூர், ஐசிஎஃப் ஓய்வு பெற்றவர்: ஜப்பான்ல இருந்து மச்சினன் அனுப்பின டெக். பிளக்கைச் சொருகினதும் 'டப்'புன்னு சத்தம், செத்துப்போச்சு.

சார், அங்க 100 வோல்ட், இங்க 230. ப்யூஸ் போயிருக்கும், கூடவே டிரான்ஸ்பார்மரோ பவர் சப்ளை கெப்பாசிட்டரோ போயிருக்கலாம். ப்யூஸை மட்டும் மாத்தித் திரும்பச் சொருகாதீங்க. தெரிஞ்சவங்ககிட்ட பவர் போர்டைக் காட்டுங்க, சரியானதும் 100 வோல்ட் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வழியா மட்டும் போடுங்க. ட்ரம்மும் மெக்கானிசமும் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும்.

தண்டையார்பேட்டை, சர்ச் கொயர்ல பாடுபவர்: அண்ணா, கிறிஸ்மஸ் பாட்டு டேப். நல்லாப் போயிட்டே இருந்து திடீர்னு 'கர்ர்'னு வருது, இல்லன்னா அமைதியாயிடுது. டேப் வீணாயிடுச்சா?

சாதா கேசட் தேஞ்சா சத்தம் மங்கிக்கிட்டே வரும்மா, காது முன்கூட்டியே கண்டுபிடிச்சிடும். டாட் அப்படி இல்ல. உள்ள பிழை திருத்துற ஏற்பாடு இருக்கு, பாதி கெட்டாலும் நல்லாவே பாடும். தாங்குற எல்லை தாண்டினதும் ஒரேயடியா அறுந்துடும். அதனால 'கர்ர்' வர்றதை வச்சு டேப் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல வேற நல்ல கேசட்டைப் போடுங்க. அதுலயும் வந்தா மெஷின் தப்பு: ஹெட் அழுக்கு, இல்லன்னா போர்டு. எண்பதுகளோட கடைசி, தொண்ணூறுகளோட தொடக்கத்துல வந்த மெஷின்கள்ல போர்டு மேல்பரப்புல ஒட்டியிருக்கிற சின்ன சர்ஃபேஸ் மவுண்ட் கெப்பாசிட்டர் ஒழுகி செப்புத் தடத்தை அரிச்சிடும். சால்டரிங் அயர்ன் வச்சதும் மீன் கவிச்சி வாடை வந்தா அதேதான்.

உங்க டேப்புல மட்டும் வந்தா, அதை ரெக்கார்டு பண்ண மெஷினோட அலைன்மென்ட், அதாவது டேப் போற பாதையோட அமைப்பு, உங்க மெஷினோட ஒத்துப்போகாம இருக்கலாம். அப்படின்னா டேப்பை வழிநடத்துற கைடு போஸ்ட்டை மயிரிழை திருப்பி அந்த டேப்புக்கு ஏத்த மாதிரி செஞ்சா வந்துடும், எத்தனையோ டேப்பை அப்படித்தான் எடுத்திருக்கேன். ஆனா ஆசிலோஸ்கோப்ல (சிக்னலைப் படமா காட்டுற கருவி) ஹெட்டுல இருந்து வர்ற ஆர்எஃப் சிக்னலைப் பாத்துக்கிட்டேதான் திருப்பணும், பழைய இடத்தைக் குறிச்சு வச்சுட்டு. கண்ணால பாத்துத் திருப்பறவங்ககிட்ட குடுக்காதீங்க.

கொருக்குப்பேட்டையிலிருந்து: கேசட் உள்ள மாட்டிக்கிச்சு, எஜெக்ட் அழுத்தினா முனகுது.

திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க, இறுகிப்போன கிரீஸுக்குள்ள மோட்டார் திணறுது, பிளாஸ்டிக் கியர் பல்லு உடையும். பவரை எடுங்க, மேல்மூடியைக் கழட்டுங்க, கேசட்டையும் டேப்பையும் உள்ள இழுக்கிற லோடிங் மோட்டாரோட தண்டைக் கையால மெதுவா சுத்துங்க. டேப் ட்ரம்மை விட்டு விலகினதும் ரீலைச் சுத்தித் தொய்வை உள்ள இழுத்துட்டு அப்புறம்தான் கேசட்டைத் தூக்கணும். வெளிய எடுத்ததும் பழைய கிரீஸை முழுசா வழிச்சுட்டுப் புதுசு போடுங்க.

எர்ணாவூர், கல்லூரி மாணவி: ஹெட்போன் ஜாக்ல இருந்து கம்ப்யூட்டர்ல ரெக்கார்டு பண்ணா போதுமா அண்ணா?

டிஜிட்டல் அவுட் இருக்கிற மெஷின்னா அதுலயே எடும்மா. ஆப்டிகல் இல்லன்னா கோஆக்சியல் ஒயர் போட்டு, சவுண்ட் இன்டர்ஃபேஸை (கம்ப்யூட்டருக்குள்ள சத்தம் கொண்டு போற பெட்டி) வெளி கிளாக்குல வை, அப்பதான் டாட் மெஷினோட தாளத்துக்கு அது ஓடும். மெஷின் திரையில 48, 44.1, 32 எது காட்டுதோ அதே கிலோஹெர்ட்ஸ்ல 16 பிட் வேவ் ஃபைலா எடு. டேப்புல இருக்கிற எண்கள் அப்படியே வரும். 32 காட்டினா எல்பி மோடுல (பாதி வேகத்துல ஓடி ரெட்டை நேரம் பிடிக்கிறது) எடுத்ததான்னு பாரு, எல்லா டெக்கும் எல்பி ஓட்டாது.

மணலியிலிருந்து: எங்ககிட்ட இருக்கிறது விஎச்எஸ் கேசட் மாதிரியே பெருசா இருக்கு, மேல அடாட்னு எழுதியிருக்கு.

அது வேற ஜாதி. எஸ்-விஎச்எஸ் கேசட்ல எட்டு டிராக் டிஜிட்டலா ரெக்கார்டு பண்றது. விசிஆர்லயோ டாட் மெஷின்லயோ வராது, அடாட் மெஷினே வேணும்.

வியாசர்பாடி தம்பி மறுபடி: அண்ணா, கேசட் ஜன்னல் வழியா பாத்தா டேப் சுருள் ஓரத்துல வெள்ளையா தூசி மாதிரி இருக்கு.

அது தூசி இல்ல, பூஞ்சை. எந்த மெஷின்லயும் போடாத, ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவன்ல வச்சு சூடு பண்ணணும்னு யாராவது சொல்வாங்க, அது சில பழைய ரீல் டேப்புக்கான வைத்தியம், இதுக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி இறுகின டப்பாவுல நிமிர்த்தி வச்சுக் காய விடு. காஞ்சதும் கேசட்டோட பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து சுத்தம் பண்ணி வேற கூட்டுக்கு டேப்பை மாத்தறது என் வேலை. ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள கொண்டு வந்துடு.