மனைவியோடு இருக்கும்போது தளர்ந்துவிடுகிறது, காலையில் மட்டும் நன்றாக விறைக்கிறது. இது ஆண்மைக் குறைவா?

கொழும்பில் வேலை, மாதம் ஒரு தடவைதான் ஹட்டனுக்கு வருகிறேன், அப்போதும் இப்படி ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. குறைவெல்லாம் இல்லை. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், முக்கியமாகக் கனவு காணும் நேரங்களில், ஒரே இரவில் 3 முதல் 5 தடவை விறைப்பு வரும், விடியலில் நீங்கள் பார்ப்பது அதில் கடைசி. அது ஒழுங்காக வருகிறது என்றால் நரம்பும் இரத்த ஓட்டமும் பெரும்பாலும் சரி.

மிச்சம் பயம்தான். பயந்தால் அட்ரினலின் சுரந்து ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், தேயிலை மலையில் சிறுத்தையைக் கண்டு பயந்தாலும் "இன்றைக்கும் முடியாமல் போகுமோ" என்று பயந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

எனக்கும் கல்யாணமான புதிதில் இதே பாடுதான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பரா (அறை), நடுவில் பழைய சேலை, அந்தப் பக்கம் அம்மாவும் தங்கச்சியும். கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டால் அம்மாவின் இருமல் சட்டென்று நிற்கும், விழித்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு எல்லாம் அடங்கிவிடும். மனைவியிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பாரம் இறங்கியது, அவள் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970லேயே இதை எழுதிவிட்டார்கள். வருகிறதா, நிற்கிறதா என்று தன்னையே வேவு பார்க்கிறவனுக்குக் கிளர்ச்சி அறுந்துபோகும். கொஞ்ச நாளைக்கு உறவே வேண்டாம், தொட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்று இருவரும் பேசிவைப்பதுதான் அவர்கள் சொன்ன வழி. நாங்கள் சொந்தக்காரர் வீட்டில், கதவைப் பூட்டக்கூடிய அறையில் தங்கி அதைத்தான் செய்தோம், தானாகச் சரியாகிவிட்டது.

சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று லேகியம் விற்கிறவர்களிடம் தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள், அது சுத்தப் பொய். பார்மசியில் வயாகராவைக் கேட்டு வாங்கவும் வேண்டாம், நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிராபத்து. தைரியத்துக்குக் குடிப்பதும் விறைப்பைக் கெடுக்கத்தான் செய்யும்.

காலை விறைப்பும் குறைந்துகொண்டே வந்தாலோ, சீனி வியாதி, பிரஷர் இருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரை சிலவும் இப்படிச் செய்யும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மனப்பாரம் தாங்கவில்லை என்றால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். இந்த முறை ஊருக்கு வரும்போது, பஸ் களைப்போடு முதல் இரவே முயற்சி செய்யாமல், எல்லாவற்றையும் விட முக்கியமாக, இங்கே எங்களிடம் கேட்டதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.